இல்லாத புளியமரத்தடியில்

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆணும் பெண்ணும் பேசிப் பார்க்க எங்கள் பக்கத்தில் கொடுப்பது பத்து நிமிஷம். இடம் மொட்டைமாடி. காயப்போட்ட துணிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கடைசிப் படியில் யாராவது ஒரு சித்தி உட்கார்ந்து கீரை ஆய்கிற மாதிரி காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். எனக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் கிடைத்தது. என்ன படம் பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று வருஷம் குடித்தனம் செய்தோம். ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு திங்கட்கிழமை கிளம்பியவர் திரும்பி வரவில்லை. அந்த மூன்று வருஷத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை கூட வந்ததில்லை என்பதைப் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தேன்.

அது போகட்டும். பத்து நிமிஷம் போதாது, மூன்று மணி நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வந்தேன். அந்த மூன்று மணி நேரத்தில் நானும் கூட இருந்தேன்.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் ரேஷன் கடை க்யூ மாதிரி நீளும். ஒன்பதாம் வகுப்பு பாதியில் இருக்கும்போது, நாகல்கேணியில் தோல் பதனிடும் ஷாப்பில் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு போனது. நான் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டப் போனேன். பிறகு பெருங்களத்தூரில் ஹாஸ்டல் சமையல், ஏர்போர்ட்டில் தரை துடைப்பது, திருப்பூரில் ஒன்றரை வருஷம், நடுவில் இரண்டு மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் படுக்கை. ஒரு இடத்தில் கால் தங்காது எனக்கு. ஆட்டோ வந்த பிறகுதான், ஊர் சுற்றுவதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது.

அந்தப் பெண் என் தினசரிச் சவாரி. வீடு பழைய பல்லாவரத்தில். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, பம்மலில் தோல் பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். நாலு வருஷமாகக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் சாயங்காலம் கொண்டுவந்து விட்டதில், அந்த வீட்டு நல்லது கெட்டது பாதி எனக்கும் தெரியும். வந்த வரன்கள் எல்லாம் என் ஆட்டோக் கண்ணாடியில்தான் அலசப்பட்டன.

இரண்டு வரனை அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இரண்டாவதுக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டதில் சொந்தத்தில் பேச்சாகிவிட்டது. மூன்றாவது வந்தபோது அவளுடைய அத்தா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். பார், பேசு, அன்றைக்குச் சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள் சரி அல்லது இல்லை என்று சொல். இழுத்தால் அடுத்த வரனை நானே முடித்துவிடுவேன், உன்னைக் கேட்கமாட்டேன். அவர் கத்துகிற ஆள் கிடையாது. கத்தாமல் சொன்னதால்தான் அவளுக்குப் பயம்.

மூன்றாவது மாப்பிள்ளை பொழிச்சலூர். லிஃப்ட் மெக்கானிக். மேடவாக்கம், கோவிலம்பாக்கம், பெருங்களத்தூர் என்று எங்கெல்லாம் அடுக்குமாடி எழும்புகிறதோ அங்கெல்லாம் அவருக்கு வேலை.

"மாடியில பத்து நிமிஷம் எல்லாருமே நல்லவங்கதான்க்கா," என்றாள் ஒரு நாள் காலையில். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் என்ன பண்றாரு. அவ்ளோதான்."

இதற்குக் காரணம் அவள் அக்கா புருஷன். ஒரு தடவை குடும்பத்தோடு வேலூருக்குக் காரில் கிளம்பினார்கள். எங்கேயோ தப்பாகத் திரும்பியவர் யாரையும் வழி கேட்கவில்லை. கடைசியில் அரக்கோணத்தில் போய் நின்றதும், இங்கே ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது, அதற்குத்தான் வந்தேன் என்றாராம். எல்லாரும் சாப்பிட்டார்கள். அக்கா மட்டும் சாப்பிடவில்லை. அந்தப் பிரியாணியை இவள் இன்னும் மறக்கவில்லை.

அவளுடைய லேப்பில் யாரோ சொல்லி ஒரு விளையாட்டைப் போனில் இறக்கி வைத்திருந்தாள். உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு இல்லை, ஊருக்குள் நடந்துபோய் ஆடுவது. போனில் ஒரு பெட்டி வரும், அதில் எட்டுப் பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு விடுகதை. அது சொல்கிற இடத்தைக் கண்டுபிடித்துப் போய், அங்கே இருப்பதை எண்ணி, வருகிற எண்ணைப் போட்டால் பூட்டு திறக்கும். தப்பாகப் போட்டால் போன் உறுமும், ஐந்து நிமிஷம் அபராதம். தாம்பரத்துக்கு ஒன்று, பல்லாவரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தது. ஒரு அணியில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நான்.

செல்லில் விளையாட எதற்கு ரோட்டுக்குப் போகவேண்டும் என்று அத்தா கேட்டாராம். அம்மாவுக்கு அதெல்லாம் கவலையில்லை. மூன்றாவது ஆள் யார் என்று மட்டும் கேட்டிருக்கிறார். என் பேரைச் சொன்னதும் சரி என்றுவிட்டார். அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதை. அதை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பது பின்னால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் கூடினோம். மாப்பிள்ளையின் அம்மா சாயங்காலம் நேராகப் பெண் வீட்டுக்கு வந்து காத்திருப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை பைக்கை ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடந்து வந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன டெஸ்டர். எனக்கும் சேர்த்து மூன்று தண்ணீர் பாட்டில் வாங்கி வந்திருந்தார். இதற்கெல்லாம் மயங்குகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. வாங்கிக் குடித்தேன்.

எனக்காக அவள் விளையாட்டைத் தமிழில் மாற்றி வைத்திருந்தாள். அவர்கள் இருவரும் இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். ஒன்பதாவதில் நின்றவள் நான் மடமடவென்று படித்தேன். அதனால் போனைக் கையில் வைத்துப் படிப்பது என் வேலை, யோசிப்பது அவர்கள் வேலை என்று முடிவானது. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவ்வளவு சத்தமாக நான் எதையும் படித்ததில்லை. ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

முதல் இரண்டு பூட்டு சுலபம். ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு பழைய கைப்பம்பும், எழுத்து தேய்ந்த ஒரு மைல்கல்லும். மூன்றாவதில் கொஞ்சம் சிரமம். பழைய டிரங்க் ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டின் நெற்றியில் சுதைச் சிங்கங்கள் இருக்கின்றன, மொத்தம் எத்தனை கால் தெரிகிறது என்று கேள்வி. அந்த ரோட்டில் ஆறு வருஷமாகச் சவாரி போகிறேன், ஒரு சிங்கத்தையும் பார்த்ததில்லை. காரணம், வீட்டின் முகப்பு முழுக்க ஒரு பிரியாணிக் கடை பேனர். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கழியை எடுத்துப் பேனரின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"போன மாசத்துலேர்ந்து யார் யாரோ வந்து இதையே தூக்க சொல்றாங்க," என்றார். "உள்ள இன்னா கீதுன்னு நான் இன்னும் பாக்கல."

சிங்கம் இரண்டு. கால் ஏழு. எட்டாவது காலை மழை தின்றிருந்தது. மாப்பிள்ளை கடைக்காரரிடம் கழியை வாங்கித் தான் பிடித்துக்கொண்டு, நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார். அவரும் போய் நின்று பார்த்தார். அடப்பாவி, என் தலைக்கு மேலேயா என்றார்.

நான்காவது பூட்டும் திறந்தது. ஐந்தாவதில் மாட்டினோம். நான் படித்தது இது:

'புளியமரத்தடியில் நில்லுங்கள். எதிர்ச் சுவரில் எத்தனை வட்ட ஜன்னல்கள்?'

படித்து முடிப்பதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் கூடவே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. புளியமரம் என்பது ஸ்டாப் பெயர். ஷேர் ஆட்டோவில் யார் கேட்டாலும் புளியமரம் இறங்கணும் என்பார்கள். அங்கே ஒரு மருந்துக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. புளியமரம் கிடையாது. ரோட்டை அகலப்படுத்தினபோது வெட்டிவிட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து அங்கே மரம் இருந்ததில்லை. ஆனாலும் எங்கள் எல்லாருக்கும் அதுதான் புளியமரம்.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றுகொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தோம். வட்டமாக ஒன்றும் இல்லை. மரம் எந்த இடத்தில் இருந்ததோ அங்கிருந்து பார்த்தால் தெரியும் என்றாள் அவள். எந்த இடம் என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டோம். அவர் வெளியே வந்து ஜெராக்ஸ் கடை வாசலைக் காட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் அதெல்லாம் இல்லை, மரம் சரியாக டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தில்தான் என்றார். பூக்காரம்மா ஒருத்தி, தன்னுடைய மாமியார் அந்த மரத்தடியில்தான் கடை போட்டிருந்தாள், அது ரோட்டின் நடுவில் வரும் என்று சாதித்தாள். போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே ஒரு பெரியவர் ரோட்டு நடுவில் போய் நின்று, இங்கே என்று காலைத் தட்டிக் காட்டினார். ஹாரன் அடித்தவர்களை அவர் மதிக்கவில்லை.

ஜெராக்ஸ் கடை மாடியில் காற்றுக்காக விட்ட ஓட்டைகள் வட்டமாக இருந்தன. அவள் அதை எண்ணிப் போடச் சொன்னாள். போன் உறுமியது. பக்கத்துச் சுவர் ஓட்டையையும் சேர்த்துப் போட்டோம். மறுபடி உறுமல். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. "இதுதான், எனக்கு நல்லாத் தெரியும், இங்கதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மாப்பிள்ளை எதற்கும் தலையாட்டிக்கொண்டு அமைதியாக நின்றார். இவ்வளவு பொறுமையான ஆளா என்று நானும் உள்ளுக்குள் மார்க் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு அணி வந்தது. பெருங்களத்தூர் அபார்ட்மென்ட்காரர்கள் நாலு பேர், தொப்பியும் ஷூவுமாக. ஸ்டேஷனில் எங்களுக்குப் பின்னால் கிளம்பியவர்கள். அஞ்சாவதா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களுக்கு ஆறாவது. வெளியூர் ஆட்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மருந்துக்கடைக்காரர் வருத்தப்பட்டார்.

அரை மணி நேரம் அப்படியே போனது. அப்போது மாப்பிள்ளை, வெயிலாக இருக்கிறது, அந்தச் சந்தில் ஒரு டீக்கடை இருக்கும், ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்கலாமே என்றார். போனோம். இரண்டு தெரு தள்ளி, ஒரு புது அடுக்குமாடிக்கு எதிரே டீக்கடை. கடைக்கு மேலே நல்ல நிழல். நிமிர்ந்து பார்த்தேன். புளியமரம். இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற தண்டு. எதிரே, அந்த அடுக்குமாடியை ஒட்டி, ஒரு பழைய கோடவுன் சுவர், அதில் வரிசையாக வட்ட ஜன்னல்கள், ஐந்து.

விளையாட்டைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, அவனுக்கு நம் ஸ்டாப் பெயரெல்லாம் தெரியாது. மரத்தைப் பார்த்திருக்கிறான், மரம் என்று எழுதியிருக்கிறான். நாங்கள்தான் உள்ளூர்க்காரர்களாயிற்றே, மரமே இல்லாத இடத்தில் போய் நின்றோம்.

அவள் சிரித்துவிட்டாள். ஐந்து என்று போட்டதும் பூட்டு திறந்தது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் எதிர் அடுக்குமாடியின் வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே வந்து மாப்பிள்ளையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"இன்னா தம்பி, ஞாயித்துக்கெழமை கூட லிஃப்ட் வேலையா? எப்பவும் மரத்தடியிலதான வண்டி வுடுவ, வண்டிய காணோம்?"

மாப்பிள்ளை அவரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பாதி டீ இருந்தது.

அங்கிருந்து மலை வரை அவள் எங்களுக்கு முன்னாலேயே நடந்தாள். ஆறாவதும் ஏழாவதும் பூட்டைத் திறந்தோம், ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி. கடைசிப் பூட்டு குன்றின் மேல். எந்தக் காலத்து ராஜாவோ பாறையைக் குடைந்து செய்த குகை, இப்போது தர்கா. கேள்வி அதன் தூண்களைப் பற்றி. படிக்கட்டில் பாதி ஏறினதும் அவள் நின்றாள். நான் நாலு படி கீழே இருந்தேன். மூச்சு வாங்குகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

"அந்த மரம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க அந்த ஸ்டாப் பக்கம் நடக்கும்போதே," என்றார் அவர். பொய் சொல்லவில்லை.

"அரை மணி நேரம் தெரிஞ்சுகிட்டே நின்னீங்களா?"

அவர் வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். விமானம். பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர்க்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தலைக்கு மேல் விமானம் வந்தால் பேச்சை அந்த வார்த்தையிலேயே நிறுத்துவோம், போனதும் அடுத்த வார்த்தையிலிருந்து தொடங்குவோம். பெண்பார்க்க வந்த இடத்திலும் அப்படித்தான், சாவு வீட்டிலும் அப்படித்தான். இருவரும் முறைத்தபடி காத்துக்கொண்டு நின்றார்கள். கேட்டுக்கொண்டே நீட்டின அவள் கை அந்தரத்தில் நின்றது.

"நீங்க அவ்ளோ உறுதியாச் சொன்னீங்க," என்றார் சத்தம் தேய்ந்ததும். "அத்தனை பேர் முன்னாடி தப்புன்னு சொல்ல வேணாம்னுதான். லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட, நீங்க தப்பான பட்டன அமுக்கிட்டீங்கன்னு நாங்க சொல்லமாட்டோம். கதவுக்கு வெளியேருந்து பேச்சு குடுத்துகிட்டே இருப்போம். முதல்ல வெளிய கொண்டு வரணும்."

"நான் லிஃப்ட்ல மாட்டல. நடு ரோட்ல நின்னுகிட்டிருந்தேன்."

அவர் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து மறுபடி செருகினார்.

"டீ குடிக்கலாம்னு கூப்பிட்டு, நானே கண்டுபிடிச்ச மாதிரி பண்ணிட்டீங்க. நானும் இளிச்சேன். நாளைக்கு வீட்டுல எத்தனை தடவை இந்த மாதிரி டீ குடிக்கக் கூப்பிடுவீங்க? நான் ஒவ்வொரு தடவையும்..."

இன்னொரு விமானம். இது பெரியது, நேரமெடுத்தது. அவள் அந்த 'ஒவ்வொரு தடவையும்' முடிகிற இடத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் போன பிறகு தொடர அவளுக்கு மனசில்லை போலிருந்தது. தப்புன்னா எனக்கு மூஞ்சிக்கு நேரா சொல்லணும் என்று மட்டும் சொன்னாள். சொன்னால் கோபம் வராதா என்று அவர் கேட்டார். வரும் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எனக்குச் சண்டை என்றாலே பயம், எங்கள் வீட்டில் யாரும் சண்டை போடமாட்டார்கள், கோபம் வந்தால் என் அத்தா நாலு நாள் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். இப்படி மாற்றி மாற்றி ஒரு கால் மணி நேரம் போனது. நடுவில் மூன்று விமானம். எனக்குக் கால் மரத்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் என் பத்து நிமிஷத்தில் பேசாததையெல்லாம் இவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு யாரும் சமாதானம் சொல்லாமலேயே மூன்று பேரும் ஏறினோம்.

மேலே போய் நான் கேள்வியைப் படித்தேன். அவர்கள் தூணை எண்ணினார்கள். சின்ன வயசில் வியாழக்கிழமை தவறாமல் அம்மாவோடு வந்த இடம், ஒரு தடவை கூட எண்ணியதில்லை என்றாள் அவள். எண்ணைப் போட்டோம், உறுமியது. அவர் எண்ணி ஒன்று கூடுதலாகச் சொன்னார். அதுவும் உறுமியது. சுவரோடு ஒட்டிய பாதித் தூணைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இருவரும் வாதாடினார்கள். மணி ஐந்தரை தாண்டிவிட்டது. அவர் என் கையிலிருந்து போனை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அக்கா, தப்பு உங்க மேல. முன்வரிசைத் தூண்னு போட்டிருக்கு. நீங்க படிக்கும்போது முன்வரிசைய விட்டுட்டீங்க."

நான் வெயில் கண்ணில் அடித்தது என்றேன். அப்போது வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. புளியமரத்துக்குப் பிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். ஆனால் பேசினது அவரிடம்.

"வருதே, மூஞ்சிக்கு நேரா சொல்ல," என்றாள்.

முன்வரிசையை மட்டும் எண்ணிப் போட்டதும் பெட்டி திறந்தது. உள்ளே கைதட்டுகிற சத்தமும் காகிதப் பூவும். அபார்ட்மென்ட்காரர்கள் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்திருந்தார்கள்.

அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் முன்னால் போக, அவர் பைக்கில் பின்னால் வந்தார். வழியில் நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அசதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மனசு தெளிவாகத் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

வீட்டு முன்னறையில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். அத்தா மின்விசிறிக்கு அடியில். அவள் தொழுகைக்கு ஒளு செய்து முகம் கழுவப் பின்பக்கம் போனாள். மஃரிப் பாங்குக்கு அரை மணி நேரம்கூட இல்லை. அவளுடைய அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். மூன்று மணி நேரம் கூட இருந்தவள், நான் சொல்வதுதான் சாட்சி. எப்படிப் போச்சு என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது, ஆட்டோ ஓட்டிப் பழகிய தொண்டை.

"செம சண்டம்மா," என்றேன். "மலப் படிக்கட்டுல நின்னுகினு கால் மணி நேரம் போட்டாங்க."

நான் கொடுத்ததிலேயே பெரிய நற்சான்றிதழ் அது. சண்டை போட்டுவிட்டு அதே படியில் சேர்ந்து ஏறினார்கள் என்பதுதான் அதில் முக்கியம். அதைச் சொல்வதற்குள் அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது. முன்னறையில் பேச்சு நின்றது. நான் சொன்னது வாசல் வரை கேட்டிருந்தது.

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது விமானம். அது கடந்து போவதற்குள் அம்மா முன்னறைக்குப் போய்விட்டார். போனதும், எல்லாம் அல்லாஹ் நாடினதுதான், நம்ம கையில் என்ன இருக்கிறது, உங்கள் பையனுக்கு நல்ல இடமாக அமையட்டும் என்று ஆரம்பித்துவிட்டார். இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்கிற பேச்சு. மாப்பிள்ளையின் அம்மாவும் அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டு, ஆமாம் ஆமாம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை, பைக்கை நிறுத்திவிட்டு அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், அப்படியே ஒற்றைச் செருப்போடு நின்றார். அத்தா அவரைத்தான் பார்த்தார்.

"எதுக்குப்பா சண்டை?"

"நான் ஒண்ணு தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன் மாமா," என்றார். "அது தப்புதான்."

மாமா என்ற வார்த்தையைக் கேட்டு அத்தா நிமிர்ந்தார். அதற்குள் அவள் ஈரமுகத்தோடு வந்துவிட்டாள். முன்னறை நடுவில் நின்று எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். அவருடைய அம்மா கையில் பை. தன்னுடைய அம்மா முகம். கதவோரம் நான், திருடி மாதிரி.

"அம்மா, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே," என்றாள். "என்னைக் கேக்காம யார் பதில் சொன்னது? எனக்குச் சம்மதம்."

எல்லாருக்கும் கேட்டது. அவருடைய அம்மா பையைக் கீழே வைத்தார். சந்தோஷப்படுவதற்கு முன்னால் அவளுடைய அம்மா பதறிப்போனார். இதை நீ சொல்லக் கூடாதுடி என்றார். அந்த வீட்டு வழக்கம் அப்படி. பெண்ணின் சம்மதத்தைப் பெண் வாயால் சபையில் சொல்லக் கூடாது, அவளுடைய பெரியம்மா உள்ளே வந்து தனியாகக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சொல்லவேண்டும். பெரியம்மா அடுத்த தெருவில் இருந்தார். பாங்குக்கு இன்னும் பத்து நிமிஷம். என்னைத்தான் அனுப்பினார்கள்.

மாவு பிசைந்த கையோடு பெரியம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் விஷயத்தைச் சொன்னேன், இந்தத் தடவை சண்டையை விட்டுவிட்டுச் சொன்னேன். அவர் நேராக, அவளை அனுப்பி வைத்திருந்த உள்ளறைக்குப் போனார், கதவைச் சாத்தினார், திறந்தார். அவ்வளவு சீக்கிரம் கேட்டு முடித்திருக்க முடியாது. முன்னறைக்கு வந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா, அந்த நிமிஷம் வரை ஒன்றுமே தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"பொண்ணுக்குச் சம்மதம்," என்றார் பெரியம்மா.

மாப்பிள்ளை அப்போதுதான் இன்னொரு செருப்பையும் கழற்றினார்.